பன்னெண்டு சிஸ்டம் உள்ள ப்ரௌசிங் சென்டருக்கு எந்த ப்ராக்ஸி: டைனிப்ராக்ஸியா, ஸ்க்விட்டா, வெறும் டிஎன்எஸ்ஸே போதுமா

மதுரை கே.புதூர்ல என் மச்சான் ஒரு ப்ரௌசிங் சென்டர் வச்சிருக்காரு, பன்னெண்டு சிஸ்டம், ரெண்டு பிரிண்டர், ஒரு லேமினேஷன் மெஷின். இப்ப எல்லார் கையிலயும் போன் இருக்கதால ப்ரௌசிங்னு யாரும் வர்றதில்ல, வர்றவங்க பூராம் டிஎன்பிஎஸ்சி அப்ளிகேஷன், பட்டா சிட்டா, பான் கார்டு, பிஎஃப் பணம் எடுக்குறது, கரண்ட் பில்லுன்னு வர்றவங்கதான். போன மாசம் போன் பண்ணி, "மாப்ள, எந்த சிஸ்டத்துல எந்த நேரத்துல எந்த சைட்டு தொறந்துச்சுன்னு ஒரு கணக்கு வேணும், கண்ட சைட்டையும் மறிக்கணும், மாசாமாசம் காசு கட்டுற சோலி வேணாம், ஏதாச்சும் செய்யி"ன்னாரு. அதே வாரம் அலங்காநல்லூர் பக்கம் டியூஷன் சென்டர் நடத்துற எங்க பெரியம்மா மக, அக்கா, அவங்களும் கேட்டாங்க, அஞ்சு பழைய லேப்டாப்பு, ஒரு 4ஜி சிம் போட்ட ரவுட்டரு, பிள்ளைங்க பாடம் பாக்குறத விட்டுட்டு ஷார்ட்ஸ் பாத்து மத்தியானத்துக்குள்ள டேட்டாவ முடிச்சிருதுங்கன்னு.

ரெண்டு பேருக்கும் ஒரே பதிலச் சொல்லி முடிச்சிரலாம்னுதான் மொதல்ல நெனச்சேன், டைனிப்ராக்ஸின்னு ஒரு சின்ன ப்ராக்ஸிய போட்டா வேலை முடிஞ்சுதுன்னு. ப்ராக்ஸின்னா நம்ம சிஸ்டத்துக்கும் நெட்டுக்கும் நடுவுல நின்னு, சைட்டுக்குப் போற கேள்விய வாங்கி அனுப்புற சாப்ட்வேர். கடைசில அக்காவுக்கு ஒண்ணு, மச்சானுக்கு வேற ஒண்ணுன்னு ஆயிருச்சு. ஏன் அப்படி ஆச்சுங்கறதத்தான் எழுதுறேன், இதே மாதிரி சின்ன கடையோ லேபோ வச்சிருக்கவங்களுக்கு ஒதவும்.

மொதல்ல ஒரு பழைய கதைய தள்ளி வச்சிருவோம். 2000களோட ஆரம்பத்துல நம்மூர் ப்ரௌசிங் சென்டருக்கு ப்ராக்ஸின்னாலே ஸ்க்விட்டுதான், அதுவும் கேச்சுக்காகத்தான். லைன் ஸ்லோ, ஒருத்தர் தொறந்த பக்கத்த டிஸ்க்ல சேத்து வச்சு அடுத்தவருக்கு அங்கிருந்தே எடுத்துக் குடுக்கும், ப்ளஸ் டூ ரிசல்ட் அன்னைக்கு இருபது பேர் ஒரே பக்கத்த தொறந்தாலும் லோகோ, படம் எல்லாம் ஒரு தடவதான் வெளிய இருந்து வரும். இன்னைக்கு அந்த வேலை கெடையாது. ஏறக்குறைய எல்லா சைட்டும் ஹெச்டிடிபிஎஸ், அதாவது பூட்டுப் போட்ட தொடர்பு ஆயிருச்சு, ப்ரௌசர் ப்ராக்ஸிகிட்ட "கனெக்ட்"னு ஒரு வரி சொல்லி, இந்த சைட்டுக்கு 443 போர்ட்டுல (போர்ட்டுன்னா மெஷினோட கதவு நம்பர் மாதிரி) ஒரு பாதை போட்டுக் குடுன்னு கேக்கும், ப்ராக்ஸி பாதையப் போட்டுட்டு ஒதுங்கிக்கும், அதுக்கப்புறம் போறது வர்றது எல்லாம் பூட்டுப் போட்டதுதான். மாட்டுத்தாவணில பஸ்ஸுல பார்சல் போட்டா கண்டக்டருக்கு எந்த ஊர்ல எறக்கணும்னு தெரியும், மூட்டைக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாதுல்ல, அதே மாதிரி. உள்ள என்னன்னே தெரியாதப்ப எதச் சேத்து வைக்க முடியும். போலிப்போன்னு ஒரு சின்ன கேச் ப்ராக்ஸி இருந்துச்சு, ரொம்ப நல்லா எழுதுனது, அத எழுதுனவரே 2016ல பராமரிப்ப நிறுத்திட்டாரு, வலை பூராம் என்கிரிப்ட் ஆனப்புறம் கேச் ப்ராக்ஸிக்கு பெருசா பயன் இல்லங்கறதுதான் காரணம்.

அதனால "ப்ராக்ஸி போட்டா நெட்டு வேகமாகும்"னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. விண்டோஸ் அப்டேட்டுதான் லைன முழுங்குதுன்னா அதுக்கு விண்டோஸ்லயே டெலிவரி ஆப்டிமைசேஷன்னு ஒரு செட்டிங் இருக்கு, ஒரு சிஸ்டம் எறக்குனத பக்கத்து சிஸ்டம் லேன்லயே (கடைக்குள்ள இருக்க நெட்வொர்க்குலயே) வாங்கிக்கும். லேப்ல உபுண்டு, டெபியன்னு லினக்ஸ் ஓட்டுறவங்களுக்கு ஆப்ட்-கேச்சர்-என்ஜி (apt-cacher-ng)ன்னு தனியா ஒண்ணு இருக்கு, 3142 போர்ட்டு, பேக்கேஜ மட்டும் சேத்து வைக்கும், அது இன்னைக்கும் அருமையா வேல செய்யுது.

கேச் போயிருச்சு, சரி, மிச்சம் என்ன? யாரு எங்க போனாங்கங்கற லாகு, எங்க போகக்கூடாதுங்கற தடுப்பு, யாருக்கு எம்புட்டு வேகம்ங்கற பங்கு. இந்த மூணுல உங்களுக்கு எது வேணும்னு தெரிஞ்சா சாப்ட்வேர் தானா முடிவாயிரும், மெஷின் எம்புட்டு சின்னதுங்கறது அடுத்த விசயம்தான்.

இருக்கதுலயே லேசான வழி ப்ராக்ஸியே போடாம இருக்கது. ரவுட்டர்ல டிஎன்எஸ்ஸ (சைட்டு பேரக் குடுத்தா அதோட ஐபி நம்பர எடுத்துக் குடுக்குற சர்வர) மட்டும் 1.1.1.3ன்னு மாத்திட்டா போதும், ஆபாச சைட்டும் வைரஸ் சைட்டும் பேரையே கண்டுபிடிக்காது, கிளவுட்ஃப்ளேர் 2020ல இலவசமா குடுத்தது. கொஞ்சம் மேல போனா ஒரு பழைய மெஷின்ல பை-ஹோல்னு நம்மளே ஓட்டுற டிஎன்எஸ் சர்வர போடலாம், நமக்கு வேண்டாத பேரையும் சேத்து மறிக்கலாம், எந்த சிஸ்டம் எந்தப் பேரக் கேட்டுச்சுன்னு லிஸ்ட்டும் வரும். வீட்டுக்கு இது போதும், உண்மையிலயே போதும், வீட்டுல ப்ராக்ஸி போட்டு எல்லா போனுலயும் செட்டிங் மாத்திக்கிட்டு கெடக்க வேணாம். ஆனா கடைக்குப் பத்தாது. டிஎன்எஸ் லாகுல "கேட்டுச்சு"ன்னுதான் இருக்கும், போனாங்களா, எம்புட்டு எடுத்தாங்கன்னு இருக்காது. ப்ரௌசர்ல செக்யூர் டிஎன்எஸ்ஸ ஆன் பண்ணிட்டா அது ஹெச்டிடிபிஎஸ்ஸுக்குள்ளயே கேள்விய அனுப்பிரும், நம்ம பை-ஹோல் வேடிக்க பாத்துக்கிட்டு இருக்க வேண்டியதுதான்.

அடுத்தது டைனிப்ராக்ஸி. பேருக்கேத்த மாதிரி சின்னது, சி-ல எழுதுனது, சுமார் 2 எம்பி மெமரிலயே ஓடும்னு அத எழுதுறவங்களே சொல்றாங்க. கேச் கெடையாது, இருந்தாலும் இன்னைக்கு வேலையில்லன்னு பாத்துட்டோம். டெபியன்ல ஆப்ட் வச்சு போட்டா ஒரு நிமிசம், கான்ஃபிக் (செட்டிங் எழுதுற) ஃபைல் ஒண்ணே ஒண்ணு, போர்ட் 8888. அக்காவோட டியூஷன் சென்டர்ல ஸ்க்ரீன் ஒடஞ்ச ஒரு லேப்டாப்பு சும்மா கெடந்துச்சு, அதுல டெபியன போட்டு டைனிப்ராக்ஸிய ஏத்துனேன். லேப்டாப்ப ஏன் சொல்றேன்னா அதோட பேட்டரியே யூபிஎஸ்ஸு, அந்தப் பக்கம் கரண்டு போய்ப் போய் வரும், ராஸ்பெர்ரி பைங்கற குட்டி கம்ப்யூட்டர வச்சா ஒவ்வொரு தடவையும் எஸ்டி கார்டு கெட்டுப் போகுமோன்னு பயந்துக்கிட்டே இருக்கணும், அதுலயும் பை 4ல கடிகார பேட்டரியே கெடையாது, கரண்டு வந்து நெட்டு வர்ற வரைக்கும் தப்பான நேரத்தத்தான் லாகுல எழுதிக்கிட்டு இருக்கும்.

டைனிப்ராக்ஸில மூணு எடத்துல கவனம் வேணும். ஒண்ணு, "அலவ்" வரிங்க. போட்டவொடனே 127.0.0.1, அதாவது அதே மெஷினுக்கு மட்டும்தான் அனுமதி, மத்த லேப்டாப்புல இருந்து தொறந்தா ஆக்சஸ் டினைட்னு வரும், நீங்க 192.168.1.0/24ன்னு உங்க லேன சேக்கணும். வேல செய்யலையேன்னு எரிச்சல்ல எல்லா அலவ் வரியையும் அழிச்சிராதீங்க, ஒரு வரியும் இல்லன்னா யாரு வேணா வரலாம்னு அர்த்தம் எடுத்துக்கும். லேனுக்குள்ள இருந்தா பரவாயில்ல, இதையே நெட்டுல வாடகைக்கு எடுத்த ஒரு விபிஎஸ் சர்வர்ல செஞ்சீங்கன்னா ஓப்பன் ப்ராக்ஸி ஆயிரும், 8888, 3128, 8080 போர்ட்டெல்லாம் தேடிக்கிட்டே அலையிற ஸ்கேனருங்க கண்ணுல சீக்கிரமே பட்டுரும், எவனோ செய்யிற தப்புக்கு உங்க ஐபி பதில் சொல்லும்.

ரெண்டாவது, "மேக்ஸ்கிளையண்ட்ஸ்". இதுல நானே மாட்டுனேன், டியூஷன்ல இல்ல, மச்சான் கடையில மொதல்ல டைனிப்ராக்ஸியத்தான் போட்டுப் பாத்தேன், அப்ப. காலைல நல்லா போச்சு, பதினொரு மணிக்கு கூட்டம் வரவும் சைட்டுங்க சுத்திக்கிட்டே நிக்குது, ஒரு சிஸ்டத்துல வருது ஒண்ணுல வரல, மச்சான் என்னைப் பாக்குறாரு, அப்ளிகேஷனோட கடைசி நாளுக்கு வந்த ஒரு பையன் அழுகுற மாதிரி நிக்கிறான். அந்த நேரத்துக்கு ப்ராக்ஸிய எடுத்துவிட்டுட்டு நேரா லைன குடுத்து அந்தப் பையன அனுப்பிட்டுத்தான் ஒக்காந்து லாகப் பாத்தேன். கான்ஃபிக்ல இருந்த அளவு 100. ஆள் கணக்கு இல்ல அது, கனெக்‌ஷன் கணக்கு. குரோம் ஒரு ப்ராக்ஸிக்கு 32 கனெக்‌ஷன் வரைக்கும் தொறக்கும், பன்னெண்டு சிஸ்டத்துக்கு கணக்குப் போட்டா 384. நாலு பேர் சேந்து நாலு டேப் தொறந்தாலே நூற தாண்டிரும். 500ன்னு ஏத்துனேன், சரியாச்சு. ஒரு கனெக்‌ஷனுக்கு ரெண்டு ஃபைல் டிஸ்கிரிப்டர் (தொறந்த ஒவ்வொரு ஃபைலுக்கும் இணைப்புக்கும் லினக்ஸ் குடுக்குற நம்பர்) போகும், பொதுவா ஒரு ப்ராசஸுக்கு 1024ன்னு ஒரு வரம்பு இருக்கும், அதனால சர்வீஸுகள ஓட்டுற சிஸ்டம்டி பக்கமும் லிமிட்ட ஏத்திருங்க, இல்லன்னா இங்க ஏத்தி அங்க இடிக்கும்.

மூணாவது அப்டேட்டு. 2024 மே மாசம் டைனிப்ராக்ஸில ஒரு பெரிய ஓட்டை வெளிய வந்துச்சு, சிவிஇ-2023-49606, லாகின் எதுவும் இல்லாமலே ஒரு ரிக்வெஸ்ட் அனுப்பி மெமரிய கெடுக்கலாம்ங்கற மாதிரி, 1.11.1லயும் 1.10.0லயும் இருந்துச்சு, 1.11.2ல சரி பண்ணாங்க. சின்ன சாப்ட்வேர்தானேன்னு போட்டுட்டு மூணு வருசம் தொடாம விட்டுராதீங்க.

அக்காவோட தேவைக்கு டைனிப்ராக்ஸி கச்சிதமா உக்காந்துச்சு. அங்க லாக யாரும் படிக்கப் போறதில்ல, குறிப்பிட்ட சைட்டு மட்டும் தொறக்கணும், மத்ததெல்லாம் கூடாது, அம்புட்டுதான். "ஃபில்டர்"னு ஒரு ஃபைலக் காட்டி வரிக்கு ஒரு பேர எழுதலாம், "ஃபில்டர்டிஃபால்ட்டினை"ய எஸ்ஸுன்னு போட்டா அந்த லிஸ்ட்டே அனுமதி லிஸ்ட்டா மாறிரும், அதுல இல்லாதது எதுவும் தொறக்காது. இதுல உள்ள உழைப்பையும் சொல்லிர்றேன். ஒரு சைட்டு ஒரு பேருலயா ஓடுது? பாடப்புத்தக சைட்ட அனுமதிச்சா எழுத்துரு ஒரு பேருல, ஸ்க்ரிப்ட் இன்னொரு பேருல, கூகுள் பக்கம்னா ஜிஸ்டேட்டிக், கூகுள்ஏபிஐஸ்னு தனித்தனியா வரும், ஒவ்வொண்ணா லாகுல பாத்துப் பாத்து சேக்கணும், நான் ரெண்டு ஞாயித்துக்கிழமை அங்க ஒக்காந்திருந்தேன். யூட்யூப்புல பாடம் மட்டும் வேணும் ஷார்ட்ஸ் வேணாம்னு அக்கா கேட்டாங்க, அது எந்த லேசான ப்ராக்ஸியாலயும் முடியாது, ரெண்டும் ஒரே பேருதான், வீடியோ ஓடுறது கூகுள்வீடியோங்கற இன்னொரு பேருல, அதையும் அதுக்குள்ள பிரிக்க வழியில்ல. அதனால பாட வீடியோவ அக்கா போன்ல எறக்கி லேன்ல ஒரு ஃபோல்டர்ல போட்டு வச்சிட்டோம், யூட்யூப்ப மொத்தமா மறிச்சிட்டோம், டேட்டா இப்ப ராத்திரி வரைக்கும் நிக்குது.

மச்சான் கடையில இருந்து டைனிப்ராக்ஸிய ஏன் கழட்டிட்டேன்னா லாகுனாலதான். 2011ல மத்திய அரசு சைபர் கஃபேக்குன்னு தனி விதியே போட்டிருக்கு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்துக்குக் கீழ வர்றது. வர்றவங்க அடையாள அட்டைய பாக்கணும், ரிஜிஸ்தர் வைக்கணும், கேபின் தடுப்பு நாலரை அடிக்கு மேல போகக்கூடாதுன்னு அதுல நெறைய இருக்கு, அதுல ஒண்ணு, தொறந்த சைட்டுகளோட ஹிஸ்டரியையும் ப்ராக்ஸி சர்வர் லாகையும் குறஞ்சது ஒரு வருசம் பத்திரமா வைக்கணும்ங்கறது. ஆபாச சைட்டு வராம ஃபில்டர் போடுறதப் பத்தியும் அதுலயே இருக்கு. மச்சான் "ஒரு கணக்கு வேணும்"னு கேட்டது இதுக்குத்தான். என்னைக்காச்சும் ஸ்டேஷன்ல இருந்து வந்து போன மார்ச்சுல இந்தத் தேதி நாலு மணிக்கு உங்க லைன்ல இருந்து ஒருத்தன் இந்த சைட்டுக்குப் போயிருக்கான், எந்த சீட்டுன்னு கேட்டா, ரிஜிஸ்தரையும் லாகையும் பக்கத்துல பக்கத்துல வச்சு காட்டத் தெரியணும், தெரியலன்னா மாட்டிக்கிறது தப்பு செஞ்சவன் இல்ல, கடைக்காரரு.

டைனிப்ராக்ஸி லாகுல அந்தப் பதில தேடி எடுக்குறது பெரிய பாடு. எந்த ஐபில இருந்து வந்துச்சுங்கறது ஒரு வரி, எந்த சைட்ட கேட்டுச்சுங்கறது வேற வரி, ரெண்டையும் ஃபைல் டிஸ்கிரிப்டர் நம்பர வச்சு நாமதான் கோக்கணும், நடுவுல பத்து பேரோட வரி கலந்து கெடக்கும், அந்த நம்பரும் திரும்பத் திரும்ப வரும். எம்புட்டு டேட்டா போச்சுங்கறதும் வர்றதில்ல. ஸ்க்விட்டுல ஒரு கனெக்‌ஷனுக்கு ஒரே வரி, அந்த வரியிலயே நேரம், எம்புட்டு நேரம் நீடிச்சுது, எந்த ஐபி, எம்புட்டு பைட்டு, எந்த சைட்டுன்னு எல்லாம் உக்காந்திருக்கும். கம்ப்யூட்டர் தெரியாத ஒருத்தர் கையிலயும் அத அச்செடுத்துக் குடுக்கலாம். மச்சானுக்கு ஸ்க்விட்டுன்னு நான் முடிவு பண்ணது இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

ஸ்க்விட்டு பாரம்னு ஒரு பேரு இருக்கு, அந்தப் பாரத்துல பாதிக்கு மேல கேச்சோட பாரம். டிஸ்க்ல ஒரு ஜிபி கேச்சுக்கு இண்டெக்ஸ் வைக்க மட்டும் 64 பிட் மெஷின்ல சுமார் 14 எம்பி ராம் போகும்னு ஸ்க்விட் ஆளுங்களே கணக்கு குடுத்திருக்காங்க. "கேச் டினை ஆல்"னு ஒரு வரி போட்டு, கேச்-மெம்மையும் கொறச்சு, டிஸ்க் கேச்ச வைக்காமலே விட்டுட்டா பழைய 2 ஜிபி ராம் டெஸ்க்டாப்புல அமைதியா ஓடுது. 1996ல மொத வெர்ஷன் வந்ததுல இருந்து சேத்துக்கிட்டே வந்த வசதி எல்லாம் கான்ஃபிக் ஃபைல்ல கெடக்கு, ஆயிரக்கணக்கான வரி விளக்கம், அதப் பாத்து மெரண்டுராதீங்க, நமக்கு வேண்டியது பதினஞ்சு வரி.

அந்தப் பதினஞ்சு வரியில வரிசைதான் உசுரு. ஹெச்டிடிபி-ஆக்சஸ் வரிங்கள மேல இருந்து கீழ படிச்சுக்கிட்டு வரும், எது மொதல்ல பொருந்துதோ அதோட நின்னுரும், அதனால மறிக்கிற வரி மேல, லேன அனுமதிக்கிற வரி அதுக்குக் கீழ, கடைசில டினை ஆல். மாத்திப் போட்டுட்டு தடுப்பு வேல செய்யலன்னு தலைய பிச்சுக்கிட்டவங்க நெறைய பேரு. டெபியன்ல லேன அனுமதிக்கிற வரி மொதல்ல கமெண்ட்டாத்தான் இருக்கும், அத எடுத்துவிடணும். சைட்டு பேருக்கு முன்னாடி ஒரு புள்ளி வச்சா அதோட கிளைப் பேரெல்லாம் சேத்து மறிக்கும். ஒவ்வொரு மாத்தத்துக்கும் ரீஸ்டார்ட் அடிக்காதீங்க, இருக்க கனெக்‌ஷன் முடியட்டும்னு அரை நிமிசம் காத்துக்கிட்டு நிக்கும், கடையில அந்த அரை நிமிசம் ரொம்ப பெருசு, பார்ஸ் பண்ணிப் பாத்துட்டு ரீகான்ஃபிகர் குடுத்தா யாருக்கும் தெரியாம மாறிரும். நேரக் கட்டுப்பாடு போடுறவங்க கெழமைக்கான ஆங்கில எழுத்த பாத்துப் போடுங்க, எஸ்ஸுன்னா ஞாயிறு, 'ஏ' (A)ன்னா சனி, வியாழன் ஹெச்.

வேகத்த பங்கு போட டிலே பூல்னு இருக்கு, இது டைனிப்ராக்ஸில கெடையாது. மொத்தத்துக்கு ஒரு அளவு, ஒவ்வொரு ஐபிக்கும் ஒரு அளவுன்னு வைக்கலாம், ஹெச்டிடிபிஎஸ் பாதைக்கும் பொருந்தும். அதுல எழுதுறது வினாடிக்கு எத்தன பைட்டுங்கறது, பிட்டு இல்ல, ஒரு எம்பிபிஎஸ் வேணும்னா 125000ன்னு போடணும். நான் ஒரு நாள் பூராம் எட்டு மடங்கு தப்பா வச்சிருந்தேன்.

லாகு விசயத்துல ரெண்டு பொறி இருக்கு, ரெண்டையும் மொத நாளே சரி பண்ணிருங்க. ஒண்ணு, நேரம் பத்து இலக்க நம்பரா வரும், 1700000000ன்னு இருந்தா நம்ம நேரத்துக்கு 2023 நவம்பர் 15 விடியக்காலை 3:43, இத எந்த மனுசன் படிப்பான், அதனால லாக்ஃபார்மட்ட மாத்தி உள்ளூர் நேரமா எழுதச் சொல்லிருங்க. இன்னொண்ணு இன்னும் மோசம், டெபியன்ல ஸ்க்விட் பேக்கேஜோட வர்ற லாக்ரொட்டேட் (பழைய லாக ஒதுக்கி அழிக்கிற) அமைப்பு தெனமும் புது ஃபைலுக்கு மாத்தி ரெண்டு பழைய ஃபைல மட்டும் வச்சுக்கிட்டு மிச்சத்த அழிச்சிரும். ஒரு வருசம் லாகு இருக்குன்னு நம்பிக்கிட்டு இருப்பீங்க, உள்ள மூணு நாளுதான் இருக்கும். நான் அத 400ன்னு மாத்தி, மாசம் ஒரு தடவ பென்டிரைவ்லயும் காப்பி எடுக்கச் சொல்லிருக்கேன்.

ப்ரிவாக்ஸி, த்ரீப்ராக்ஸி ரெண்டையும் நெறைய பேர் கேப்பீங்க. ப்ரிவாக்ஸி 8118 போர்ட்டு, விளம்பரத்தையும் பின்தொடர்றதையும் வெட்டுறதுக்குன்னு எழுதுனது, தனி ஆளுக்கு நல்லது, கடைக் கணக்குக்கு ஆகாது. லினக்ஸ் பக்கமே வரமாட்டேன், விண்டோஸ்லயே ஓட்டணும்னா த்ரீப்ராக்ஸிய பாருங்க, ரொம்ப சின்னது, லாகு எழுதும், ஆளுக்கு ஆளு டேட்டா கணக்கும் வைக்கும், சாக்ஸ்ங்கற இன்னொரு வகை ப்ராக்ஸியும் குடுக்கும். நான் அதுல மாசக்கணக்கா ஓட்டிப் பாக்கல, அதனால கூடுதலா பேசல. ஊருக்கு வெளிய இருந்து சொந்த விபிஎஸ் வழியா போகணும்னு மட்டும் தேவைன்னா ப்ராக்ஸி சர்வரே வேணாம், எஸ்எஸ்ஹெச்ல (சர்வருக்குள்ள பூட்டுப் போட்ட பாதையில நுழையிற வழி) டி (-D) ஆப்ஷன் குடுத்து 1080ல ஒரு சாக்ஸ் தொறந்துக்கங்க, சர்வர்ல எதுவும் ஏத்த வேண்டியதில்ல. டைனிப்ராக்ஸில பாஸ்வேர்டு போடலாமேன்னா போடலாம், ஆனா அந்தப் பாஸ்வேர்டு பூட்டு இல்லாம வெட்ட வெளிலதான் போகும்.

இப்ப நான் மனசார சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு. ஸ்க்விட்டுல எஸ்எஸ்எல் பம்ப்னு ஒரு வசதி உண்டு, நம்மளே ஒரு சர்ட்டிஃபிகேட் செஞ்சு எல்லா சிஸ்டத்துலயும் நம்பிக்கையானதுன்னு ஏத்திட்டா, ப்ராக்ஸி ஹெச்டிடிபிஎஸ்ஸ நடுவுல பிரிச்சுப் பாத்துட்டு திரும்ப பூட்டி அனுப்பும், அப்ப எந்தப் பக்கம், எந்த வீடியோன்னு முழுசா தெரியும். மச்சானுக்கு யாரோ சொல்லிருக்காங்க, "அத போட்ரு மாப்ள, முழு விலாசமும் தெரியுமாம்ல"ன்னாரு. நான் முடியாதுன்னுட்டேன். அந்தக் கடைக்கு யார் வர்றா? முதியோர் உதவித்தொகைக்கு பேங்க் பாஸ்புக்க மஞ்சப்பையில சுத்திக்கிட்டு வர்ற அப்பத்தா, பிஎஃப் பணத்த எடுக்க மில்லுல இருந்து வர்ற அண்ணே, ஆதார் ஓடிபிய சத்தமா படிச்சுக் காட்டுற தாத்தா. அவங்க அடிக்கிற ஒவ்வொரு பாஸ்வேர்டும் நம்ம பழைய டெஸ்க்டாப்போட மெமரில ஒரு கணம் பூட்டு இல்லாம வந்து போகும், அந்த சர்ட்டிஃபிகேட்டோட சாவி அதே டிஸ்க்ல கெடக்கும், எவனாச்சும் அத எடுத்துட்டான்னா பன்னெண்டு சிஸ்டத்துக்கும் எந்த பேங்க் மாதிரி வேணா நடிக்கலாம். அவங்க நம்மள நம்பி ஒக்கார்றாங்க மச்சான்னு சொன்னேன், கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "சரி, பேரு தெரிஞ்சா போதும், உள்ள எட்டிப் பாக்க வேணாம்"னாரு. விதி கேக்குறதுக்கு சைட்டு பேரும் நேரமும் சீட்டும் சேந்த லாகே நல்ல பதிலுதான். பள்ளிக்கூடம், ஆபீஸுன்னு தங்களோட மெஷின தங்களோட ஆளுக்குத் தெரிவிச்சு செய்யிறது வேற, காசு குடுத்து வர்ற வெளி ஆளுக்கு இது கூடாது.

எந்த ப்ராக்ஸியப் போட்டாலும் அதச் சுத்திப் போகாம பண்ணணும்ல, இல்லன்னா விவரமான பையன் செட்டிங்ல ப்ராக்ஸிய ஆஃப் பண்ணிட்டு நேரா போயிருவான். நெட்டு கம்பெனி குடுக்குற ரவுட்டர்ல ஃபயர்வால நம்ம இஷ்டத்துக்கு எழுத பெரும்பாலும் விடாது. அதுக்கு ஒரு சுளுவான வழி இருக்கு. சிஸ்டத்துக்கெல்லாம் ஐபிய கையால போடுங்க, கேட்வே (வெளிய போற வழி) கட்டத்த காலியா விட்டுருங்க, டிஎன்எஸ்ஸும் வேணாம். ப்ராக்ஸி வழியா போறப்ப பேரத் தேடுற வேலையையும் ப்ராக்ஸியே பாத்துக்கும், அதனால ப்ரௌசர் ஒழுங்கா ஓடும், ப்ராக்ஸிய ஆஃப் பண்ணா வெளிய போக பாதையே இருக்காது. விண்டோஸ் கீழ இண்டர்நெட் இல்லன்னு ஒரு குறி காட்டலாம், காட்டிட்டுப் போகட்டும். எவனாச்சும் ஐபிய மாத்தி கேட்வே போட்றாம இருக்க கஸ்டமருக்கு அட்மின் இல்லாத லாகின் குடுங்க. கையால ஐபி போட்டதுல இன்னொரு லாபம், சீட் 7னா 192.168.1.107ன்னு வச்சிட்டா லாகுல சீட்டு நம்பர் தானா தெரியுது.

இந்த வழியில நின்னு போறது ரெண்டு மூணு உண்டு. வீடியோ கால் யூடிபிங்கற முறையில போகப் பாக்கும், பாதை இல்லன்னா கொஞ்சம் தடுமாறி ப்ராக்ஸி கையாள்ற டிசிபி முறைக்கு வரும், சிலது வராமலே போகும். விண்டோஸ் அப்டேட்டுக்கு வின்ஹெச்டிடிபிங்கற விண்டோஸோட சொந்த ப்ராக்ஸி செட்டிங்க தனியா அமைக்கணும். கைரேக மெஷின் வச்சிருக்கவங்க இத கட்டாயம் பாருங்க, கைரேகைய ப்ரௌசருக்குக் குடுக்குற ஆர்டி சர்வீஸ் அதே சிஸ்டத்துக்குள்ள 127.0.0.1ல 11100ல இருந்து 11120க்குள்ள ஒரு போர்ட்டுல ஓடும், ப்ரௌசர் அந்தக் கேள்வியையும் ப்ராக்ஸிக்கு அனுப்பிட்டா அது ப்ராக்ஸி மெஷினோட 127.0.0.1ல போய் தேடிட்டு ஆள் இல்லன்னு திரும்பிரும், டிவைஸ் நாட் ரெடின்னு நின்னுக்கிட்டே இருக்கும். ப்ராக்ஸி செட்டிங்ல உள்ள விதிவிலக்கு கட்டத்துல லோக்கல்ஹோஸ்ட்டையும் 127.0.0.1ஐயும் சேத்துருங்க.

அக்கா எடத்துல டைனிப்ராக்ஸி, மச்சான் கடையில கேச் இல்லாத ஸ்க்விட்டு, எங்க வீட்டுல 1.1.1.3 மட்டும். மூணும் இப்ப ஓடிக்கிட்டு இருக்கு. அடுத்த மாசம் மச்சான் கடையில மறுபடியும் கடைசித் தேதிக் கூட்டம் வரும், அன்னைக்கு காலைலயே போய் ஒக்காந்து ஸ்க்விட்டோட ஃபைல் டிஸ்கிரிப்டர் எம்புட்டு வரைக்கும் ஏறுதுன்னு பாக்கணும், பத்தலன்னா 4096ன்னு வச்சிட்டு வரணும்.